லேத்தும் மில்லிங் மெஷினும்: தொடக்க வேலைகளில் கண்டறிந்தவை

பகிர்வு 1

பொழுதுபோக்காக உலோக வேலையில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது, லேத் வாங்குவதா, மில்லிங் மெஷின் வாங்குவதா என்பதுதான். எது சுழல்கிறது என்பதைக் கவனித்தால் விடை தெளிவாகிவிடும். லேத்தில், சக் என்னும் தாடைகள் கொண்ட பிடிப்பானில் இறுக்கப்பட்ட ஜாப் (வேலைப்பொருள்) சுழல்கிறது. டூல் சுழலாமல் நீளவாக்கிலும் குறுக்கிலும் நகர்ந்து அதைச் சீவுகிறது. ஆகவே தண்டு, புஷ் (தண்டு ஓடும் குழல்), கப்பி, மரை போன்ற உருண்டை வேலைகள் லேத்துக்கு உரியவை. மில்லிங் மெஷினில் கட்டர் சுழல்கிறது; மேசையில் பிடிக்கப்பட்ட ஜாப் அதனடியில் நகர்கிறது. சமதளம், படி, காடி, சாவிப் பள்ளம் ஆகியவை அங்கே உருவாகின்றன.

நான் லேத்தில் தொடங்கினேன். புதியவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். முதலில் செய்த உருப்படியான பொருள் ஒரு பித்தளை புஷ்: வெளிவிட்டம் 20 மி.மீ., துளை 12 மி.மீ. முகத்தைச் சமப்படுத்தி, வெளிப்புறத்தைக் கடைந்து, சக்குக்கு எதிர்முனையிலுள்ள டெயில் ஸ்டாக்கில் டிரில்லை மாட்டிச் சற்றுக் குறைந்த அளவில் துளையிட்டு, பிறகு போரிங் டூலால் துளையை 12 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். இத்தனையும் முடியும்வரை சக்கைத் தளர்த்தவே இல்லை. காரணம், ஒரே பிடிப்பில் கடையப்படும் பரப்புகள் எல்லாம் ஒரே மையத்தைக் கொண்டிருக்கும். இடையில் கழற்றி மாட்டினால், நல்ல நிலையிலுள்ள மூன்று தாடை சக்கும் ஜாப்பை அதே மையத்தில் பிடிப்பதில்லை. நூறில் சில பங்கு மி.மீ. விலகினாலும், புஷ்ஷுக்குள் ஓடும் தண்டின் மையமும் அந்த அளவுக்கு விலகிவிடும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நான்கு தாடை சக்கில் பிடித்து, மைய விலகலைக் காட்டும் டயல் கேஜை வைத்து, ஒவ்வொரு தாடையாகச் சரிசெய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் அதைக் கற்றவருக்கு லேத் முழுமையாக வசப்படும்.

இன்னொன்று: டூலை 0.1 மி.மீ. உள்ளே தள்ளினால் விட்டம் 0.2 மி.மீ. குறையும். சில லேத்துகளின் டயல் ஆரத்தைக் காட்டும், சில விட்டத்தையே காட்டும் என்பதால் முதல் வெட்டுக்குப் பின் வெர்னியர் காலிப்பரால் அளந்து உறுதிசெய்யுங்கள். வேகத்தையும் கணக்கிட்டே வைக்க வேண்டும். சாதாரண இரும்பை ஹைஸ்பீட் ஸ்டீல் டூலால் கடைய நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் எனக் கொண்டால், 20 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்றுகள் வரும். விட்டம் இரட்டித்தால் சுற்றுகள் பாதியாகும்.

பகிர்வு 2

மேலே நண்பர் பிடிப்பைப் பற்றிச் சொன்னது மில்லிங் மெஷினுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். கரடுமுரடான இரும்புக் கட்டை ஒன்றைச் செங்கோணமாக்குவதை நல்ல முதல் பயிற்சி என்பேன். முதல் முகத்தை மில் செய்தபின், அந்த முகம் வைஸ் என்னும் பிடிகருவியின் நிலையான தாடையில் படியுமாறு கட்டையை வைத்து, நகரும் தாடைக்கும் கட்டைக்கும் இடையில் ஓர் உருண்டைக் கம்பியை வைத்து இறுக்குகிறேன். எதிர்முகம் இன்னும் கோணலாக இருப்பதால், கம்பி இல்லாமல் இறுக்கினால் கட்டை அந்தக் கோணலுக்கு ஏற்பத் திரும்பிவிடும். கம்பி ஒரே கோட்டில் அழுத்துவதால், சீரான முகம் நிலையான தாடையோடு முழுமையாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வெட்டும் முகம் அதற்குச் செங்கோணமாக அமைகிறது. வெட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட இப்படிப் பிடிப்பதற்கே அதிக நேரம் ஆகும். அது வீண் நேரமல்ல.

மேசையை நகர்த்தும் திசையும் முக்கியமானது. கட்டரின் பல் ஜாப்பைத் தள்ளும் திசைக்கு எதிராக மேசையை ஊட்டுவது அப் மில்லிங். அதே திசையில் ஊட்டுவது டவுன் மில்லிங். டவுன் மில்லிங்கில் பரப்பு வழவழப்பாக வரும் என்றாலும், சிறிய மெஷின்களின் திருகில் பேக்லாஷ் (மரைகளுக்கு இடையிலான தளர்வு) இருக்குமானால் கட்டர் மேசையையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்போது பல் உடையலாம், ஜாப் வைஸிலிருந்து பிடுங்கப்படலாம். ஆகவே அப் மில்லிங்கில் வெட்டி முடித்து, கடைசியில் மிக மெல்லிய ஒரு சீவலுக்கு மட்டும் டவுன் மில்லிங்கைப் பயன்படுத்துகிறேன்.

பகிர்வு 3

டிரில்லிங் மெஷினிலேயே எண்ட் மில் என்னும் மில்லிங் கட்டரை மாட்டி வேலையை முடித்துவிடலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். அதன் சக் பெரும்பாலும் கூம்பு வடிவத் தண்டின் உராய்வால் மட்டுமே ஸ்பிண்டிலில் (சுழலும் அச்சில்) நிற்கிறது. துளையிடும்போது விசை மேல்நோக்கி அழுத்துவதால் அந்தக் கூம்பு மேலும் இறுகுகிறது. மில்லிங்கிலோ விசை பக்கவாட்டில் வந்து, அதிர்வோடு சேர்ந்து கூம்பைத் தளர்த்துகிறது. சுழன்றுகொண்டிருக்கும் சக் கழன்று விழுவதை நேரில் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மில்லிங் மெஷினில் டிராபார் என்னும் நீண்ட போல்ட் மேலிருந்து இழுத்துப் பிடிப்பதால் அந்த ஆபத்து இல்லை.

லேத் மட்டும் வைத்திருப்பவர்கள் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடில், மேலும் கீழும் நகரும் வெர்ட்டிகல் ஸ்லைடைப் பொருத்தி, ஜாப்பை அதில் பிடித்து, சிறிய காடிகளை வெட்டலாம். எண்ட் மில்லை மூன்று தாடை சக்கில் பிடிக்காமல், தண்டைச் சுற்றிலும் இறுக்கும் காலெட்டில் பிடியுங்கள். கடினப்படுத்தப்பட்ட அதன் தண்டு சக்கின் தாடைகளில் வழுக்கி, வெட்டும்போதே மெல்ல வெளியே வந்துவிடும், காடியின் ஆழமும் அதற்கேற்பக் கூடிக்கொண்டே போகும்.