எந்தப் பக்கத்து ரத்தம்?

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்:

ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வந்த அத்தை, என் மனைவியிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "உங்க பக்கத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா கண்ணு?" பையனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததிலிருந்து சொந்தத்தில் எல்லாருக்கும் இதே துப்பறியும் வேலைதான்.

மரபணு டாக்டரிடம் போனோம். மைக்ரோஅரே ஒன்று, ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறுக்கு ஒன்று என்று ரத்தத்தில் இரண்டு பரிசோதனை. இரண்டுமே நார்மல். "அப்போ நம்ம ரத்தத்துல ஒண்ணும் இல்ல" என்று அம்மா கற்பூரமே ஏற்றிவிட்டார். டாக்டர் சொன்னது வேறு. குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தாலோ கூடியிருந்தாலோதான் மைக்ரோஅரே காட்டும். ஆட்டிசத்தில் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் சின்னச் சின்ன வேறுபாடுகள் ஏராளமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. சில குழந்தைகளுக்கு அப்பா, அம்மா யாரிடமும் இல்லாத மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது.

ஐந்து நாடுகளில் 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, இதில் மரபின் பங்கு சுமார் 80 சதவீதம் என்றது. அடுத்த குழந்தைக்கு 80 சதவீதம் வாய்ப்பா என்று மனைவி கலங்கிவிட்டாள். அது அப்படி இல்லைங்க. ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபு எவ்வளவு என்ற கணக்கு அது. மூத்ததுக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

பட்டறையில் பையன் கொலுசுத் திருகாணிகளைப் பலகை ஓரமாக அடுக்குவான். ஒன்று கோணினால் மறுபடி முதலிலிருந்து. என் அப்பாவும் இடுக்கி, உளி எல்லாவற்றையும் அப்படித்தான் வைப்பார், யாரும் தொடக்கூடாது. (அவருக்கும் ஆட்டிசம் என்று நான் சொல்ல வரவில்லை.) அவர் அத்தையின் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பக்கம் மட்டும் அத்தை தேடவே இல்லை.

ஏற்காடு, காபித் தோட்டத்துக் குடும்பம்:

எங்களுக்கு ரிப்போர்ட்டிலேயே பெயர் வந்தது. அக்கா பையனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ், ஆட்டிசமும் உண்டு. எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற தொடர் 200 முறைக்கு மேல் திரும்பினால் இது வரும். அக்காவுக்கு 55-க்கும் 200-க்கும் நடுவில், அம்மாவுக்கும் அப்படியே. மாமாவைக் கட்டியதால்தான் என்று ஊரே பேசியது. தாயிடமிருந்து பையனுக்கு வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பது இது, சொந்தத்தில் கட்டியது காரணமில்லை என்று டாக்டர் சொல்லியும் பேசத்தான் செய்கிறார்கள்.

அம்மாவின் அப்பாவுக்கு வயதான காலத்தில் கை நடுங்கிக் காபி டம்ளர் பாதி சட்டையில்தான் கொட்டும், நடையும் தள்ளாடும். இந்த நடு அளவு உள்ள ஆண்கள் சிலருக்கு 50 வயதுக்கு மேல் அப்படி வருமாம். அவரிடமிருந்து வந்தது என்றால் மகள்கள் எல்லாருக்கும் போயிருக்கும், மகன்களுக்குப் போகாது. அப்படியானால் சித்திக்கும் இருக்கும், சித்தி மகளுக்கும் இருக்கலாம். அவளுக்குத் தையில் கல்யாணம். உங்கள் வீடுகளில் இதை யார் எடுத்துச் சொன்னீர்கள், டாக்டரா, வீட்டு ஆளா?