லீவு போட்டும் அசதி போகவில்லை, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 9 வருடமாக நர்ஸ் வேலை. கடைசி 2 வருடம் ஐசியூ, மாதத்தில் பாதி நைட் டூட்டி.

போன மாதம் 10 நாள் லீவு போட்டு அம்மா வீட்டில் கிடந்தேன். நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன். திரும்பிய முதல் நாள், யூனிஃபார்ம் மாற்றும் அறையில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது. அதைவிட உறுத்துவது இன்னொன்று. ஒரு பாட்டி தண்ணீர் கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை.

ரத்த சோகை, தைராய்டு இரண்டும் பார்த்தாச்சு, நார்மல். தோழிதான் 'பர்ன்அவுட்' என்றாள். தேடிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அல்லாமல், தீராத வேலை அழுத்தத்தால் வரும் நிலையாக வகைப்படுத்தியிருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். மூன்றும் எனக்கு இருக்கிறது. (நோயில்லை என்றால் மெடிக்கல் லீவு எப்படிக் கேட்பது? அது தனிக் கூத்து.)

இதிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா? வார்டு மாற்றிக் கேட்டீர்களா, வேலையையே விட்டீர்களா? எத்தனை மாதம் ஆனது? மேட்ரனிடம் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்? அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் பேசியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். யோகா செய், பாசிட்டிவாக இரு என்று மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

இன்றும் நைட் டூட்டிதான். காலையில் வந்து பதில் போடுகிறேன்.