ஊசி பைக்குள்ளேதான் இருந்தது

இரவு டியூட்டி
அடிசன் நோய் பேஷண்ட், அதாவது அட்ரீனல் சுரப்பி உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்காது. அதுக்குப் பதிலா ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் 10, மதியம் 5, சாயங்காலம் 5 மி.கி. ரெண்டு நாளா வாந்தி, பேதி. போட்ட மாத்திரை எதுவும் உள்ளே தங்கலை. கேஷுவல்ட்டிக்கு வந்தப்ப பிபி 70/40, சோடியம் 121, பொட்டாசியம் 5.9. மனைவி பையைத் திறந்து அதே மருந்தோட 100 மி.கி. ஊசி வயலை (பொடி இருக்கற குப்பி) நீட்டுறாங்க, மூடிகூடத் திறக்கலை. "டாக்டர்தான் போடணும்னு இருந்துட்டோம்." வயலை நீட்டின அந்தக் கை இன்னும் கண்ணுல நிக்குது.

வீட்டுல போடத்தான் அதைக் கொடுத்ததே. மாத்திரை போட்ட அரை மணிக்குள்ள வாந்தியா? இன்னொரு தடவை போடணும். அதுவும் வெளியே வந்தா ஊசி: பொடியில 2 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு, கரைஞ்சதும் முழுசையும் தொடையோட வெளிப்பக்கத் தசையில. பிறகு ஆஸ்பத்திரி. அங்கே சலைன் வேகமா ஏறும், அடுத்த 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. போகும். வெறும் காய்ச்சல்னா மாத்திரையையே ரெட்டிப்பாக்கினா போதும்.

மருந்தாளுநர்
அட்ரீனல் சுரப்பியில் கோளாறே இல்லாதவருக்கும் இப்படி ஸ்டீராய்டு பற்றாக்குறை நேரும். மூட்டுவலிக்கு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 20 மி.கி., இரண்டு மாதம். முகம் உப்பிவிட்டதென்று ஒரே நாளில் நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் மூளை ஏசிடிஎச் (சுரப்பியைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) அனுப்புவதைக் குறைத்துவிட்டது, சுரப்பி தூங்கிவிட்டது. பிரட்னிசோலோன் 5 என்பது ஹைட்ரோகார்ட்டிசோன் 20, டெக்ஸாமெத்தசோன் 0.75க்குச் சமம். உடல் ஒரு நாளில் தானே சுரப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே 20இலிருந்து 5 வரை ஓரளவு வேகமாகக் குறைக்கலாம். அதற்குக் கீழேதான் 1 மி.கி. 1 மி.கி. ஆகப் பொறுமை வேண்டும்.

ஊதுகுழல்
ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாரையும் கிலி பிடிக்க வைக்காதீங்க. ஆஸ்துமா முத்தினப்ப பிரட்னிசோலோன் 40 மி.கி. 5 நாள் எழுதிக் கொடுத்தா 6ஆம் நாள் அப்படியே நிறுத்தலாம். ஒருத்தர் "ஸ்டீராய்டுன்னா குறைச்சுத்தான் நிறுத்தணும்"னு எங்கேயோ படிச்சுட்டு, மூணாம் நாளே மாத்திரையைப் பாதியா உடைச்சுட்டார். மூச்சு மறுபடி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. 3 வாரத்தைத் தாண்டினவங்க கதை வேற.

கேட்காட்டியும் சொல்றேன். பிரட்னிசோலோனைக் காலையில சாப்பாட்டோட போடுங்க, ராத்திரி போட்டா தூக்கம் போயிடும். சுகரை வெறும் வயித்துல மட்டும் பார்த்து ஏமாறாதீங்க; ஏறுறது மத்தியானத்துக்கு மேலதான், விடியறப்ப 98 காட்டுறவருக்கு சாயங்காலம் 280 இருக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலர்னா ஸ்பேசர் (முன்னாடி மாட்டுற குழாய்) வெச்சு இழுங்க, வாய் கொப்பளிச்சுத் துப்புங்க, இல்லேன்னா நாக்குல வெள்ளைப் பூஞ்சை. மாசக்கணக்குல ஓடினா எலும்பு அடர்த்தி, கண் அழுத்தம், கண்புரை மூணையும் பாக்கணும். இடுப்புல புதுசா வலி வந்தா தள்ளிப் போடாதீங்க, தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம்.

தோல் பக்கம்
படர்தாமரைக்கு, குளோபெட்டசால்ங்கிற வீரியமான ஸ்டீராய்டு கலந்த கிரீம். ரெண்டு நாள்ல அரிப்பு போச்சு, ரெண்டு வாரத்துல இடுப்பைச் சுத்திப் பரவிடுச்சு. வட்டத்தோட ஓரமே அழிஞ்சதால பார்த்தவங்க எக்ஸிமான்னாங்க (பூஞ்சையில்லாத தோல் அழற்சி). சுரண்டி எடுத்த செதிலை கேஓஎச் கரைசல்ல போட்டு மைக்ராஸ்கோப்புல பார்த்தப்பதான் பூஞ்சை தெரிஞ்சுது.

இரவு டியூட்டி
@ஊதுகுழல், 5 நாள் விஷயம் சரி. ஆனா வருஷத்துல அஞ்சாறு தடவை அப்படிப் போடுறவங்களுக்கும் சுரப்பி தூங்கும். வயல் வெச்சிருக்கறவங்க லேபிளைப் பாருங்க: சோடியம் சக்சினேட்னு இருக்கணும். அசிடேட்டுன்னா மெதுவாத்தான் கரையும், அவசரத்துக்கு உதவாது.