காவலில் இருக்கும் கட்சிக்காரரைப் பார்த்த குறிப்பு: எல்லாம் ஒரே தாளில், இப்போது என்ன செய்ய?

புதுக்கவுன் (டர்பன்):
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் கேண்டிடேட் அட்டர்னியாக (பயிற்சி வக்கீலாக) இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை 6.30க்குக் கைதான பையனைப் பார்க்க இரவில் காவல் நிலையம் போனேன். கவுண்டரில் பெயர் சொன்னது 9.40. உள்ளே விட்டது 11.25. அதற்குள் வாக்குமூலம் எழுதி முடித்துவிட்டார்கள். உரிமைகளைச் சொல்லும் 14ஏ படிவத்தில் 8.10 என்று இருக்கிறது. பையனோ, எல்லாம் முடிந்த பிறகுதான் அதில் கையெழுத்து வாங்கினார்கள் என்கிறான்.

போனை உள்ளே விடாததால் பேடில் எழுதினேன். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி மணி, அதிகாரி சொன்னது, பையன் சம்பவத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒரே தாளில். வாக்குமூலத்தை எதிர்க்க அந்த மணிக்கணக்கு வேண்டும். ஆனால் தாளைக் காட்டினால் பையன் என்னிடம் சொன்னதும் வெளியே போய்விடும். இன்னொன்று: கைதானவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டிய 48 மணி நேரம் ஞாயிறு மாலையே முடிந்தும் திங்களன்றுதான் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதையும் கிளப்பலாமா?

மெரிட்ஸ்பர்க் அக்கா:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கிளப்பாதீர்கள் தம்பி. 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 50: 48 மணி நேரம் கோர்ட் இல்லாத வேளையில் முடிந்தால், அடுத்த கோர்ட் நாள் முடிவதற்குள் கொண்டுவந்தால் போதும்.

தாளுக்கு வருவோம். கிழிக்க வேண்டாம். சுத்தமாகத் திருப்பி எழுதி பழைய தேதி போடவே போடாதீர்கள். அது அப்படியே கேஸ் கட்டில் இருக்கட்டும், கோர்ட்டில் கையில் எடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய மணி போலீஸ் புத்தகங்களிலேயே கிடைக்கலாம். ஆக்கரன்ஸ் புக் (நிலையத்தில் நடப்பதை மணியோடு எழுதும் புத்தகம்), காவல் ரிஜிஸ்டர் இரண்டின் நகலையும் அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் சப்பீனா (கொண்டுவரச் சொல்லும் கோர்ட் அழைப்பாணை). டாக்கெட் (போலீஸின் வழக்குக் கோப்பு) முழுவதும் ரகசியம் என்று மழுப்பும் கதை 1995 ஷபலாலா தீர்ப்போடு போயிற்று.

தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம் என்று அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இதற்கு, அதே 1995இல் வந்த ஜூமா தீர்ப்பையும் படியுங்கள் (முன்னாள் அதிபர் இல்லை, வேறு ஆள்). உரிமையை மீறி வாங்கிய சாட்சியத்தால் விசாரணை நியாயமற்றதாகும் என்றால், அதை ஒதுக்கச் சொல்ல அரசியலமைப்பு 35(5) இருக்கிறது.

முக்கியமாக, அந்த மணிக்கணக்கை நிரூபிக்க நீங்களே கூண்டேறிச் சாட்சி சொல்ல நேர்ந்தால் அந்த வழக்கை நீங்கள் நடத்த முடியாது. சீனியரிடம் இன்றே பேசுங்கள்.

பீனிக்ஸ்காரன்:
அக்கா சொன்னதோடு, இனிமேலுக்கு: இரண்டு பேடு. ஒன்றில் நீங்கள் பார்த்ததும் போலீஸ் உங்களிடம் சொன்னதும் மட்டும், ஒவ்வொரு வரிக்கும் மணியோடு. மற்றதில் கட்சிக்காரர் சொன்னது. "அடித்தார்கள்" என்பது அவர் சொன்னது, இரண்டாவது பேடு. "இடது கண்ணுக்குக் கீழே வீக்கம், சட்டையில் மேல் பட்டன் இல்லை" என்பது நீங்கள் பார்த்தது, முதல் பேடு. காயம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், ஜே88 படிவம் (டாக்டர் காயங்களைப் பதியும் படிவம்) நிரப்பச் சொல்லுங்கள்.

கவுண்டரில் காக்க வைத்தால் சும்மா உட்காராதீர்கள். "வக்கீல் வந்திருக்கிறார், பார்த்துப் பேசும் வரை கேள்வி கேட்க வேண்டாம் என்கிறார்" என்று ஆக்கரன்ஸ் புக்கில் எழுதச் சொல்லி, பதிவு எண்ணை வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் மறுத்தவரின் பதவி, பெயர், மணி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் கேட்டதுமே சில கதவு சீக்கிரம் திறக்கும், அது வேறு விஷயம்.

ஜோபர்க்வாசி:
நான் உள்ளே போகும் முன்பும் வந்த பின்பும் சீனியருக்கு வாட்ஸ்அப் போட்டுவிடுவேன். நேரம் தானாக விழுந்துவிடும்.

மெரிட்ஸ்பர்க் அக்கா:
சரி, ஆனால் நேரம் மட்டும். கட்சிக்காரர் சொன்ன ஒரு வார்த்தை கூட வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

புதுக்கவுன் (டர்பன்):
நன்றி அக்கா, அண்ணா. தேடிப் பார்த்தேன். 9.52க்கு "இன்னும் உள்ளே விடவில்லை" என்று சீனியருக்கு அனுப்பிய செய்தி இருக்கிறது. வழக்கு விவரம் எதுவும் அதில் இல்லை. இதெல்லாம் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்?

பீனிக்ஸ்காரன்:
லீகல் பிராக்டிஸ் கவுன்சில் (வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிப்படி, கேஸ் கட்டில் கடைசிப் பதிவு விழுந்த நாளிலிருந்து குறைந்தது 7 வருஷம். ஸ்கேன் எடுத்தாலும் பேடுத் தாளை எறியாதீர்கள், கையெழுத்தைக் காட்டு என்று கேட்பார்கள். அந்த 9.52 செய்தியை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனை மாற்றினால் போயே போச்சு.