வலிப்பு, இன்சுலின், கண்: பிரிட்டனில் லைசென்ஸ் போனதும் திரும்பி வந்ததும், கண்ட அனுபவங்கள்

படிவக்காரன், ஹரோ

பிரிட்டனிலை லைசென்ஸ் குடுக்கிற அலுவலகமான டிவிஎல்ஏக்கு எழுதுற ஆக்களுக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கிற வேலை எனக்கு. கனபேர் வந்து போகினம். ஒரு கடைக்கார அண்ணையின்ர விஷயம் மட்டும் மனசை விட்டுப் போகுதில்லை.

அவருக்கு விடியக் கடை திறக்கேக்கை கல்லாவடியிலை வலிப்பு. இரண்டாந்தரம். நரம்பு டொக்டர் வலிப்பு நோய்தான் எண்டு உறுதியாச் சொல்லிப்போட்டார். ஆஸ்பத்திரி நேர்ஸ் இரண்டு தாள் அச்சடிச்சுக் குடுத்திருக்கிறா. ஒண்டு எஃப்ஈபி1, வலிப்புக்கான படிவம். மற்றது, மருத்துவக் காரணத்தாலை லைசென்ஸை நானாகவே ஒப்படைக்கிறன் எண்ட ஒப்புதல் தாள். மனுசன் முதலாவதை அனுப்பிப்போட்டு மற்றதை மடிச்சு வைச்சிட்டார். கையெழுத்து வைச்சால் லைசென்ஸே வேண்டாமெண்டு எழுதிக் குடுத்த மாதிரி எண்டது அவற்ற பயம். டிவிஎல்ஏ தானே ரத்துச் செய்து கடிதம் போட்டுது.

இரண்டு வழியிலையும் கார் ஓடாமல் இருக்கவேண்டிய காலம் ஒண்டுதான்: கடைசி வலிப்பு வந்த நாளிலையிருந்து 12 மாதம். வித்தியாசம் திரும்ப எடுக்கேக்கைதான் வரும். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்ர 88ஆம் பிரிவின்படி, விண்ணப்பம் டிவிஎல்ஏயின்ர கைக்குப் போய்ச் சேர்ந்து, ஓடலாம் எண்டு டொக்டரும் சொன்னால், புது அட்டை வர முதலே ஓடலாம். தானாக ஒப்படைச்சவைக்கும் இது உண்டு. ஆனால் கடைசி லைசென்ஸ் மருத்துவக் காரணத்தாலை ரத்தானதெண்டால் அந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை. அட்டை கையிலை வரும்வரைக்கும் இருக்கவேணும். டிவிஎல்ஏ உங்கட டொக்டருக்கு எழுதி, அவர் பதில் போட்டு, அதைப் பார்த்து முடிவெடுக்க மாதக்கணக்காகலாம்.

12 மாதம் முடிஞ்சு, டொக்டரின்ர கடிதமும் கையிலை இருக்க வந்தவர். சட்டைப் பையிலையிருந்து அந்த மடிச்ச தாளை எடுத்து விரிச்சு, "தம்பி, இப்ப இதிலை கையெழுத்து வைச்சால் சரிவருமோ?" எண்டு கேட்டார்.

எஃப்ஈபி1 நிரப்பிறவை கடைசி வலிப்புத் திகதியை ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுங்கோ. நினைவிலை இருந்து எழுதினால் ஒரு நாள் வித்தியாசமும் திரும்பக் கேள்வியா வரும். கை திடீரெண்டு வெட்டி இழுக்கிறது, சில விநாடி பார்வை உறைஞ்சு நிக்கிறது, வலிப்புக்கு முந்தி வாற அந்த விசித்திர உணர்வு, இதெல்லாம் வலிப்புக் கணக்குத்தான். 12 மாதம் முடிய 8 கிழமை இருக்கேக்கையே லைசென்ஸ் விண்ணப்பமான டி1 படிவத்தையும் எஃப்ஈபி1ஐயும் சேர்த்து அனுப்பலாம்.


கோவை2லண்டன்

படிவக்காரன் சொல்றதை எல்லோருக்கும் பொதுவா எடுத்துக்காதீங்க. நோய் இன்னதுன்னு உறுதியாகாம ஒப்படைக்கிறது அவசரம்.

எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பையன், 22 வயசு. தைப்பூசத்தன்னிக்கு விரதத்தோட கோயில் வரிசையில ஒரு மணி நேரமா நின்னுட்டு இருந்தவன் சுருண்டு விழுந்துட்டான். கை ரெண்டு தடவை வெட்டுச்சு. அவசரப் பிரிவு டாக்டர் தாள்ல "வலிப்பு?"ன்னு கேள்விக்குறியோட எழுதிட்டார். அப்பா பயந்துபோய் அன்னிக்கே லைசென்ஸை ஒப்படைக்க வெச்சுட்டார். அஞ்சு வாரம் கழிச்சு நரம்பியல் கிளினிக்ல, பக்கத்துல நின்ன அக்கா செல்போன்ல எடுத்திருந்த வீடியோவைக் காட்டினாங்க. டாக்டர் பத்து விநாடி பார்த்தார். முகம் வெளுத்திருந்தது, நெத்தி பூரா வேர்வை, கீழ படுக்க வெச்ச உடனே கண்ணைத் திறந்து அம்மா எங்கன்னு கேட்டான். "சாதாரண மயக்கம்"ன்னு சொல்லிட்டார். நின்ன நிலையில, பசி, வெக்கை மாதிரி தெளிவான காரணத்தோட வர்ற சாதாரண மயக்கத்தை டிவிஎல்ஏகிட்ட சொல்லவே தேவையில்லை. உட்கார்ந்திருக்கும்போது வந்தா கணக்கு வேற. காரணமே கண்டுபிடிக்க முடியாத மயக்கம்னா பொதுவா 6 மாசம் ஓட்டக்கூடாது. முதல் தடவையா வந்த ஒரே ஒரு வலிப்புக்கும், ஸ்கேன்லயும் ஈஈஜிங்கற மூளை மின்பதிவுலயும் கோளாறு இல்லைன்னா 6 மாசம்தான். 12 மாசம் இல்லை.

இன்னொண்ணு. ரத்து செஞ்சா மேல்முறையீடு உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ்ல கடிதத் தேதியிலிருந்து 6 மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். ஸ்காட்லாந்துல 21 நாள்தான், ஷெரிப் கோர்ட். நீங்களே ஒப்படைச்சா எதிர்த்துப் போக ஒரு முடிவே இருக்காது.

யாராவது விழுந்தா பக்கத்துல இருக்கிறவங்க இதை எழுதி வைங்க: விழும்போது முகத்தோட நிறம், எத்தனை விநாடி வெட்டுச்சு, நாக்கு கடிபட்டிருந்தா நுனியா பக்கவாட்டா, எழுந்த பிறகு எத்தனை நிமிஷம் குழப்பம். பக்கவாட்டுல ஆழமான கடியும் நீண்ட குழப்பமும் வலிப்பு பக்கம் காட்டும். முடிஞ்சா வீடியோ. நோயாளிக்கு எதுவுமே நினைவிருக்காது, தனியா கிளினிக்குக்கு அனுப்பாதீங்க. பார்த்தவங்க ஒருத்தர் கூடப் போகணும்.


படிவக்காரன், ஹரோ

கோவை அண்ணை, நான் எழுதினது நோய் உறுதியான ஆளைப் பற்றி. நீங்கள் சொன்ன பெடியன் ஒப்படைச்சதாலை நட்டப்படேல்லை. மயக்கம்தான் எண்டு டொக்டர் எழுதித் தந்த உடனை டி1 போட்டால், அது போய்ச் சேர்ந்த நாளிலையிருந்து 88ஆம் பிரிவிலை அவன் ஓடலாம். அதே ஐந்து கிழமையிலை ரத்தாகியிருந்தால் அட்டை வரும்வரைக்கும் பஸ்தான். மேன்முறையீட்டை நம்பி இருக்கிறவை ஒண்டை யோசியுங்கோ. டிவிஎல்ஏ கேட்கிறது மருத்துவச் சான்று. அந்தச் சான்று கையிலை இருந்தால் கோட்டுக்குப் போகாமலே திரும்ப விண்ணப்பிக்கலாம், கோட்டுச் செலவும் மிச்சம்.


மருந்தகத்து அக்கா

இன்சுலின் எடுக்கிற மினிகாப் (வாடகைக் கார்) சாரதிகள் கவனமாக வாசியுங்கோ. உங்கட சொந்தக் காருக்கு குரூப் 1 தரம் போதும். லண்டனிலை மினிகாப் உரிமத்துக்கு டிஎஃப்எல், அதாவது லண்டன் போக்குவரத்து நிர்வாகம், பார்க்கிறது குரூப் 2, அதாவது லொறி, பஸ் ஓடுறவைக்கான தரம். கார் லைசென்ஸ் கையிலை இருக்கேக்கையே தொழில் உரிமம் போகலாம்.

நான் கண்ட ஆள் ஒழுங்காகச் சோதிக்கிறவர், ஒரு நாளும் தவற விட்டதில்லை. ஆனால் வீட்டிலை ஒரே ஒரு குளுக்கோஸ் மீற்றர். மனிசிக்கும் சீனி வருத்தம், அவவும் அதிலைதான் குத்திப் பார்ப்பா. மறுபரிசீலனைக்குப் போன இடத்திலை மீற்றரின்ர நினைவகத்தைக் கணினியிலை இறக்கினவை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் 4.20க்கு சீனி 3.1, ஓடவே கூடாத அளவு. அந்த நேரம் அவர் ஹீத்ரோவுக்கு ஆள் ஏத்திக்கொண்டு போனதாக வேலைப் பதிவு. டொக்டரின்ர விரல் அந்த 3.1இலை நிண்டபடி நிண்டுது. "அது என்ரை இல்லை டொக்டர், மனிசியின்ரை" எண்டு சொன்னால் எப்பிடி நிரூபிக்கிறது? அந்தப் பதிவு முழுக்கப் பயனில்லாமல் போச்சு. புது மீற்றர் வாங்கி முதலிலையிருந்து பதிவு சேர்க்கச் சொல்லிவிட்டினம், உரிமம் அதுவரைக்கும் நிண்டுபோச்சு.

ஆளுக்கு ஒரு மீற்றர், நினைவகம் உள்ளது. பற்றரி மாத்தினால் திகதியையும் நேரத்தையும் உடனை சரிபாருங்கோ. பிழையான வருசத்திலை விழுந்த பதிவு உங்கட ஓட்ட நேரத்தோடை பொருந்தாது.

அளவு குரூப் 1, 2 இரண்டுக்கும் பொதுவிலை இதுதான். முதல் ஓட்டத்துக்கு முந்தின 2 மணித்தியாலத்துக்குள்ளை ஒருக்கால், ஓடும்போது 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால். லீற்றருக்கு 5 மில்லிமோல் அல்லது அதுக்குக் கீழை எண்டால் ஏதும் சாப்பிட்டுவிட்டு ஓடுங்கோ. 4க்குக் கீழை எண்டால் ஓடவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கேக்கை குறைஞ்சால் ஓரங்கட்டி, எஞ்சினை நிப்பாட்டி, திறப்பை எடுத்து, சாரதி இருக்கையை விட்டு மாறி இருந்துதான் குளுக்கோஸ் எடுக்கவேணும். சீனி சரியான அளவுக்கு வந்தாப்பிறகும் 45 நிமிடம் பொறுக்கவேணும், மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும். குரூப் 2 ஆக்கள் வேலையில்லாத நாளிலையும் குறைஞ்சது இரண்டு தரம் சோதிக்கவேணும். கையிலை சென்சர் ஒட்டியிருக்கிற கார்க்காரரும் விரலிலை குத்துற மீற்றரைக் காரிலை வைச்சிருங்கோ. சென்சர் 4 அல்லது அதுக்குக் கீழை காட்டினாலோ, உடம்பு சொல்லுறதும் சென்சர் சொல்லுறதும் வேறயா இருந்தாலோ, விரலிலை குத்தித்தான் உறுதிப்படுத்த வேணும்.

விழிப்பாக இருக்கேக்கை மற்றவர் உதவி தேவைப்பட்ட அளவுக்குச் சீனி இறங்கினது 12 மாதத்துக்குள்ளை இரண்டு தரம் எண்டால் கார் லைசென்ஸும் போகும். மனிசி வாயிலை சீனித்தண்ணி பருக்கினதும் உதவிதான். ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை எண்டு கணக்கிலை விடாதேங்கோ.


ஸ்லவ்_ஐடி

ஒரு சந்தேகம். இங்க ரத்தானா ஊர் லைசென்ஸ் வெச்சு ஓட்டலாமே? என் கூட வேலை செய்யற ஒருத்தர் அப்படித்தான் செய்யப் போறேன்னு சொல்றார்.


கோவை2லண்டன்

தயவுசெஞ்சு அவரைத் தடுங்க. இந்திய லைசென்ஸ் இங்க குடிவந்த நாள்லேர்ந்து 12 மாசத்துக்குத்தான். டிவிஎல்ஏ மருத்துவக் காரணத்துக்காக ரத்து செஞ்ச பிறகு ஓட்டினா அது தனிக் குற்றம், சிறை வரைக்கும் போகலாம். இன்சூரன்ஸும் கை கொடுக்காது. ஊர்லயும் நிலைமை ஒண்ணும் தளர்வா இல்லை. அங்க படிவம் 1ல முதல் கேள்வியே வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டாங்கறதுதான். 40 வயசு தாண்டினா டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ வேணும். மோட்டார் வாகனச் சட்டம் 16ஆம் பிரிவுப்படி அங்கயும் நோய்க்காக ரத்து செய்யலாம், 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. டிவிஎல்ஏகிட்ட நோயைச் சொல்லாம இருந்தாலே 1,000 பவுண்டு வரை அபராதம். டாக்டர் சொல்லியும் கேக்காம ஓட்டுறார்னு தெரிஞ்சா, நோயாளி சம்மதிக்கலைன்னாலும் டாக்டரே டிவிஎல்ஏவுக்குத் தெரியப்படுத்தலாம்.


கண்ணாடிக்கடை_ஈஸ்ட்ஹாம்

கண் விஷயத்தை யாரும் எழுதவில்லை. இரண்டு கண்ணிலும் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) என்றால் டிவிஎல்ஏவுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எஸ்டர்மன் என்ற பார்வைப் பரப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். 120 புள்ளிகள். பக்கவாட்டில் 120 பாகை தேவை, இரு பக்கமும் குறைந்தது 50 பாகை. நடு 20 பாகைக்குள் அடுத்தடுத்து நாலு புள்ளி விடுபட்டால் தேற முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கண் அவ்வளவு மோசமில்லை. லைசென்ஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் வெளிச்சத்துக்குக் காத்திராமல் தாளம் போடுகிற மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். வெளிச்சமே வராதபோது அமுக்கியதையும் இயந்திரம் எண்ணும். அது 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த முடிவை ஏற்க மாட்டார்கள். திரும்பவும் உட்கார வைத்தபோது கை நடுங்கியது. ஐந்து நிமிடம் தண்ணீர் கொடுத்து, "ஐயா, எல்லாம் தெரியவேண்டிய அவசியமில்லை, தெரிந்ததற்கு மட்டும் அமுக்குங்கள்" என்று சொன்ன பிறகுதான் சரியாகச் செய்தார்.

தடித்த சட்டகக் கண்ணாடி ஓரப் புள்ளிகளை மறைக்கும். தொங்கும் இமை மேல் புள்ளிகளைத் தின்னும். இரண்டையும் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள். தேறாவிட்டாலும், பார்வைக் குறை 12 மாதமாக மாறாமல் இருந்து, கண் அதற்குப் பழகிவிட்டது என்று சான்று இருந்தால் விதிவிலக்காகச் சாலையில் ஓட்டிக் காட்டும் மதிப்பீடு கேட்கலாம்.

20 மீற்றரில் எண் தகட்டை வாசிக்கும் சோதனையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2011இல் கோல்செஸ்டரில் 16 வயது காஸி மக்கோர்ட் ஒரு முதியவரின் கார் மோதி இறந்தார். அந்த முதியவர் சில நாள் முன்புதான் போலீசின் கண் சோதனையில் தவறியிருந்தார், லைசென்ஸைக் கொடுக்க மறுத்திருந்தார். 2013இலிருந்து போலீஸ் வீதியில் வைத்தே சோதித்து டிவிஎல்ஏவுக்கு அறிவித்தால் சில மணி நேரத்திலேயே லைசென்ஸ் ரத்தாகும்.


நல்லூரான்

நான் சொல்ல வாறது வலிப்பு மருந்து கையிலை இல்லாமல் போறதைப் பற்றி. ஒரு பெடியன், 11 மாதம் வலிப்பில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவன், குளிசைப் பெட்டியைப் பெரிய சூட்கேசிலை வைச்சிட்டான், சூட்கேஸ் இரண்டு நாள் பிந்தி வந்தது. மூண்டாம் நாள் தேருக்கு முன்னாலை விழுந்தான். லண்டனிலை ஒரு நாளும் குளிசையை மறந்ததில்லை. 12 மாதம் திரும்ப முதலிலையிருந்து.

டொக்டர் சொல்லி மருந்தைக் குறைச்சோ மாத்தியோ வந்த வலிப்பெண்டால் ஒரு சலுகை இருக்கு: பழைய மருந்தைத் திரும்பத் தொடங்கி 6 மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் முந்தியே விண்ணப்பிக்கலாம். குளிசை தவறினதுக்கு அது இல்லை. குளிசை கைப்பையிலை, போற நாளை விட ஒரு கிழமைக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டின்ர பிரதியும் கூட. சஷ்டி விரதம் பிடிக்கிறவை நேர்ஸோடை கதைச்சு நேரம் வகுங்கோ. மருந்தை முழுசா நிப்பாட்டிற திட்டமெண்டால் குறைக்கிற காலத்திலையும் கடைசிக் குளிசைக்குப் பிறகு 6 மாதமும் ஓடாதேங்கோ எண்டுதான் ஆலோசனை. வேலைக்குக் கார் வேணுமெண்டவை அதை டொக்டரிட்டை முதலே சொல்லவேணும்.


படிவக்காரன், ஹரோ

நல்லூரான் அண்ணை, அந்தப் பெடியனிட்டை ஒண்டு சொல்லுங்கோ. மருத்துவக் காரணத்தாலை லைசென்ஸ் கிடையாத ஆக்களுக்கு இங்கிலாந்திலை வயது பார்க்காமல் இலவச பஸ் பாஸ் உண்டு. லண்டனிலை எண்டால் மாற்றுத்திறனாளிக்கான பிரீடம் பாஸ். ரத்தான கடிதமோ ஒப்படைச்ச கடிதமோ சான்றாகக் காணும், கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கவேணும். கனபேர் இதைக் கேட்கிறதே இல்லை, 12 மாதமும் காசு குடுத்துத் திரியினம். கடிதத்தின்ர பிரதியை எறியாமல் வைச்சிருக்கச் சொல்லுங்கோ, டி1 போடேக்கையும் அந்தத் திகதிகள் தேவைப்படும்.