நீரியல் விரிசலா, பாறைப்பிளப்பா? 'ஃப்ராக்கிங்'குக்கு ஒரு தமிழ்ச்சொல்

டர்பனிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்து எரிவாயு பற்றிய துண்டறிக்கைக்காக, பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எரிவாயு எடுக்கும் 'ஃப்ராக்கிங்'குக்கு இரண்டு சொற்கள் வந்துள்ளன: நீரியல் விரிசல், நீரியல் முறிவு. இரண்டும் வேண்டாம் என்பேன். நீரியல் என்பது நீரைப் பற்றிய படிப்பு. இங்கே வேலை செய்வது அழுத்தம். முறிவு என்றால் எலும்புதான் நினைவுக்கு வரும். விரிசல் தானாக விழுவது. சுவரில் விழும், உறவில் விழும். இங்கோ 350 முதல் 700 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, எரிவாயு அடைபட்ட ஷேல் என்னும் களிமண் பாறையை உடைக்கிறார்கள். பிளப்பதற்கு ஆள் உண்டு. ஆகவே 'நீரழுத்தப் பாறைப்பிளப்பு', சுருக்கமாகப் பாறைப்பிளப்பு.

பிளவு மூடிக்கொள்ளாமல் தாங்கும் மணலை 'முட்டுமணல்' எனலாம். முட்டுக்கொடுப்பது வீட்டில் வழங்கும் சொல்தானே. நீரைக் குழகுழப்பாக்கக் கலக்கும் குவார் பசை கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. 'கொத்தவரைப் பசை' போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

பாறைப்பிளப்பு நல்ல சொல், அண்ணா. ஆனால் அது ஒன்றே போதாது. பிளக்கும் வேலை சில நாள்களில் முடிந்துவிடும். கிணறு பல ஆண்டு இருக்கும். "பாறைப்பிளப்பால் குடிநீர் கெட்டதில்லை" என்று நிறுவனங்கள் சொல்லும்போது அந்தச் சில நாள்களை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. மக்கள் அதே சொல்லால் குறிப்பது துளையிடுவதிலிருந்து கழிவைக் கொட்டுவது வரை எல்லாவற்றையும்.

கெடுதல் பெரும்பாலும் பிளப்புக்கு வெளியேதான் வருகிறது. கிணற்றுத் துளைக்குள் இறக்கும் உறைக்குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சிமெண்ட் இறக்குவார்கள். அதற்கு முன், துளையிடும்போது செலுத்திய துளைச்சேற்றை முழுதும் கழுவி எடுக்காவிட்டால் சிமெண்டுக்குள் வாய்க்கால் போல வழி நின்றுவிடும். ஒவ்வொரு கட்டமாக அழுத்தம் ஏற்றி இறக்கும்போது குழாய் விரிந்து சுருங்கி, சிமெண்டை விட்டு மயிரிழை விலகும். அந்த வழியாக மீத்தேன் மேலே ஏறி ஊர்க் கிணற்றுக்கு வரும். வெளி உறைக்குழாயின் அழுத்தமானி காட்டும் அளவு, இறக்கிவிட்ட பிறகும் மறுபடி ஏறினால் கசிவு என்று பொருள்.

கரூவில் இதைவிடக் கவலை டாலரைட் என்னும் பாறை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறை செங்குத்துச் சுவர்களாக ஏறி உறைந்தது. அந்தச் 'சுவர்ப்பாறை'யின் ஓரம் வெந்து வெடித்திருப்பதால் அங்கேதான் நீர் தேங்கும். பண்ணைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடுவதும் அங்கேதான். கீழிருந்து வாயு ஏறவும் அதே ஓரம் வழிவிடலாம்.

ஆகவே செயலுக்குப் பாறைப்பிளப்பு, தொழில் முழுமைக்கும் 'பிளப்புவழி எரிவாயு எடுப்பு' என இரண்டு சொல் வேண்டும்.

லெனேசியாவிலிருந்து:

அக்கா சொல்வதே சரி; நில அதிர்வுக்கும் பொருந்தும். 2016இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பானீயில் 5.8 அளவு அதிர்ந்தது, எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழ்கிணற்றில் அழுத்திச் செலுத்தியதால். 2019இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் 2.9 அதிர்ந்தது பாறைப்பிளப்பாலேயே. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும்.

கிணற்றிலிருந்து திரும்பிவரும் நீருக்கு 'மீள்நீர்' என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. அதை ஏற்கவே கூடாது. கரூவிலுள்ள பியூஃபோர்ட் வெஸ்ட் ஊர் 2011இல் தன் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தொடங்கியது. அங்கே மீள்நீர் என்றால் குடிக்கும் நீர்! இதுவோ கடல்நீரைவிட உப்பாகவும், பேரியம், ஸ்ட்ரான்சியம், ரேடியம் கலந்தும் வரக்கூடியது. 'உமிழ்நீர்' எச்சிலாகிவிடும். 'கக்குநீர்' எப்படி?

டர்பனிலிருந்து:

கக்குநீர், முட்டுமணல், சுவர்ப்பாறை மூன்றும் ஏற்பு. இரண்டு சொல் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். பாறைப்பிளப்புக்கென 2015இல் வந்த விதிகளை, அவற்றைப் பிறப்பிக்கக் கனிமவள அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று 2019இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. புதிய விதிகளைத் தமிழில் விளக்கும்போது, எந்த இடத்தில் பிளப்பு மட்டும், எந்த இடத்தில் முழு எடுப்பு என்று வரிவரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

துண்டறிக்கையின் முதல் பத்தி இப்படி: "ஒரு கிணற்றின் பாறைப்பிளப்புக்குச் சுமார் 1 முதல் 2 கோடி லிட்டர் நீர் போகும். அதில் வேதிப்பொருள் 0.5 முதல் 2 விழுக்காடு; 1 கோடி லிட்டருக்கே 50,000 முதல் 2 லட்சம் லிட்டர். கக்குநீரை எங்கே, எதில் தேக்குவீர்கள், எங்கே கொண்டுபோவீர்கள் என்று உரிமம் கேட்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்."

கிடையாகப் பரவி உறைந்த டாலரைட்டுக்குத் 'தளப்பாறை' சரிவராது, அடிப்பாறையோடு குழம்பும். 'பலகைப்பாறை' என்று போட்டிருக்கிறேன்; மாற்று இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.