880 ஹைவேயில் டோல் நோட்டீஸ் வந்துவிட்டது, விசாவுக்குப் பிரச்சினை வருமா?

ஃப்ரீமான்ட்_புதுசு:
வணக்கம். குடும்பத்தோடு வந்து ஏழு வாரம் ஆகிறது. எச்1பி வேலை விசா. நேற்று டோல் கட்டவில்லை என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அதற்கு முன்பே இரண்டு வந்தன. நான் பலர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கான கார்பூல் லேனில்தான் போனேன், தனியாகவும் போகவில்லை. கார்பூல் என்றால் இலவசம் என்றுதான் ஆபீஸில் சொன்னார்கள். இது போலீஸ் கேஸா? அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு மதுரை போய்த் திரும்ப வேண்டும். ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்களா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஸ்டெர்லிங்_சேகர்:
பயப்படாதீர்கள். ஈஸிபாஸ் ஃப்ளெக்ஸ் என்ற டோல் டேக் வாங்கி, அதன் சுவிட்சை எச்ஓவி (கார்பூல்) பக்கம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். நீங்களாவது பரவாயில்லை. இங்கே வர்ஜீனியாவில் 66 ஹைவேயை 2017 டிசம்பரில் டோல் ஆக்கினார்கள். இரண்டாம் நாளே பலகையில் 40 டாலர்! பத்து மைல் ரோட்டுக்கு. நான் அதைப் பார்த்துவிட்டு சிக்னலில் அப்படியே நின்றுவிட்டேன், பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

மில்பிடாஸ்_மாமா:
சேகர், தம்பி இருப்பது கலிஃபோர்னியா. ஈஸிபாஸ் இங்கே செல்லாது, இங்கே ஃபாஸ்ட்ராக். தம்பி, இரண்டு பேர் இருந்தால் 880 கார்பூல் லேன் இலவசம். டேக் எல்லாம் வேண்டாம். நோட்டீஸைக் கிழித்துப் போடு.

ஆம்பூர்_அக்கா:
மாமா, கிழிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வது பழைய கணக்கு. 2020 அக்டோபரில் 880 கார்பூல் லேனை டோல் வாங்கும் எக்ஸ்பிரஸ் லேன் ஆக்கிவிட்டார்கள். இப்போது மூன்று பேர் இருந்தால்தான் இலவசம், இரண்டு பேருக்குப் பாதி, தனி ஆளுக்கு முழு டோல். அந்தச் சலுகையும் ஃபாஸ்ட்ராக் ஃப்ளெக்ஸ் டேக் கண்ணாடியில் இருந்து, அதன் சுவிட்ச் சரியான எண்ணில் இருந்தால்தான். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5 மணியிலிருந்து இரவு 8 வரை இதுதான் விதி. தம்பி, வண்டியில் எத்தனை பேர் போனீர்கள்? டேக் இருந்ததா?

பழைய_பெருச்சாளி:
இதற்கெல்லாம் தூக்கம் போகிறதா? நான் 2001இல் சான் ஹோசே வந்தேன். மூன்றாம் மாதமே வேலை போச்சு. கார் கிடையாது. ஜனவரி மழையில் இருபது பவுண்டு சோனா மசூரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போது படியில் மூட்டை பிரிந்துவிட்டது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு சேர்ந்து அரிசி அள்ளினார். இப்போது வருகிறவர்கள் முதல் மாதமே கார் வாங்கிவிடுகிறார்கள். ஃப்ரீமான்டில் பார்ட் ரயில் இருக்கிறது தம்பி, அதில் போ.

ட்ரேசி_வேலு:
ரயில் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸுக்கு எப்படிப் போவதாம், பறந்தா? சரி, அதை விடுங்கள். எனக்கு எரிச்சல் இதுதான். நானும் என் மனைவியும் வருடக்கணக்காக 880இல் இலவசமாகப் போனோம். ஊர் சொன்னபடி கார்பூல் செய்தவர்கள் நாங்கள். இன்று எங்களுக்குப் பாதிக் காசு. பணம் இருக்கிறவன் தனியாகவே பறக்கிறான். லெக்ஸஸ் லேன் என்று சும்மாவா சொன்னார்கள்? வரி கட்டிப் போட்ட ரோட்டுக்கு மறுபடி வாடகை.

ஆம்பூர்_அக்கா:
வேலு, கோபம் புரிகிறது. ஆனால் 2019இல் அந்த லேன் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டீர்கள். பக்கத்து லேனும் நின்றது, கார்பூல் லேனும் நின்றது. மத்திய அரசு விதிப்படி, கார்பூல் லேனில் தனி ஆளை டோலுக்கு விட்டால் பீக் அவரில் 90 சதவீத நேரமாவது 45 மைல் வேகம் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இலவசம் என்று விட்டால் லேன் நிரம்பிவிடும். அதனால்தான் மூன்று. வேகம் குறையக் குறைய விலை ஏறுவதும் அதற்காகத்தான். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது நல்லதுதானே?

டெஸ்லா_தங்கம்:
பஸ்ஸா? எத்தனை பஸ் பார்த்தீர்கள் அக்கா? தனியாகவே கார்பூல் லேனில் போகவிடும் ஸ்டிக்கருக்காகவே நான் எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். 2025 செப்டம்பர் 30ஓடு அதுவும் முடிந்தது. தனி ஆளாகக் கார்பூல் லேனும் இல்லை, எக்ஸ்பிரஸ் லேனில் பாதி விலையும் இல்லை. ஸ்டிக்கர் மட்டும் பம்பரில் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ட்ரேசி_வேலு:
அது உங்களுக்கு நன்றாக வேண்டும் :)

ஃப்ரீமான்ட்_புதுசு:
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். டேக் இல்லை. நான், மனைவி, பின்னால் கார் சீட்டில் பத்து மாதப் பாப்பா. டே கேரில் விடத்தான் போவோம். கேமராவுக்குத் தெரியாதா?

ஆம்பூர்_அக்கா:
அட, பாப்பாவும் ஒரு ஆள்தான்! டேக்கை 3இல் வைத்திருந்தால் ஒரு காசு வந்திருக்காது. டேக் இல்லாத வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் கேமரா எடுக்கும், உள்ளே யார் என்று எண்ணாது.

ஹேவார்ட்_கணக்கர்:
எல்லோரும் சற்றுப் பொறுங்கள். தம்பி, அந்த மூன்று நோட்டீஸும் தபாலில் வந்தனவா, போனில் மெசேஜாக வந்தனவா?

ஃப்ரீமான்ட்_புதுசு:
முதல் இரண்டும் மெசேஜ் அண்ணா. பன்னிரண்டு மணி நேரத்தில் கட்டாவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று இருந்தது. பயத்தில் ஒன்றுக்கு லிங்கில் போய் 6.99 டாலர் கட்டினேன். மூன்றாவதுதான் கடிதம். அதுவும் என் பெயரில் இல்லை. காரை விற்ற நண்பரின் வீட்டுக்கு வந்தது, அவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்.

ஹேவார்ட்_கணக்கர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சரி, இப்போதே பேங்குக்குப் போன் போட்டு அந்த கார்டை முடக்கிப் புது கார்டு கேளுங்கள். அந்த மெசேஜ் மோசடி. எஃப்பிஐ 2024இலேயே எச்சரித்த விஷயம். 6.99 போனது பெரிதல்ல, கார்டு எண் போனதுதான் பெரிது. கார்டை முடக்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

கடிதம் உண்மையானதாக இருக்கலாம். லிங்க் எதையும் தொடாதீர்கள். ஃபாஸ்ட்ராக் தளத்துக்கு நீங்களே போய், கடிதத்தில் உள்ள நோட்டீஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். போன் செய்து, புதிதாக வந்தவன், டேக் வாங்கிவிட்டேன், அபராதத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் நஷ்டமில்லை. இது போலீஸ் கேஸ் இல்லை. கட்டாமல் விட்டால் அபராதம் ஏறும், அப்புறம் டிஎம்வி (இங்கத்திய ஆர்டிஓ மாதிரி) வண்டி ரிஜிஸ்ட்ரேஷனைப் பிடித்து வைக்கும். ஹைவே போலீஸ் நிறுத்திக் கொடுக்கும் கார்பூல் டிக்கெட் வேறு, அது குறைந்தது 490 டாலர். உங்களுக்கு வந்தது அது இல்லை. இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரே இல்லாதபோது ஏர்போர்ட்டில் யார் உங்களைத் தேடப் போகிறார்கள்?

பெயர் என்றதும் ஒன்று. கார் வாங்கி எத்தனை நாள் ஆகிறது? பத்து நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவரும் ஐந்து நாளுக்குள் டிஎம்வியில் விற்பனையைப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போகும் ஒவ்வொரு டோலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஃப்ரீமான்ட்_புதுசு:
ஐந்து வாரம் அண்ணா. பிங்க் ஸ்லிப் (காரின் உரிமைப் பத்திரம்) அவர் கையெழுத்தோடு டிராயரில் இருக்கிறது. கார்டை முடக்கிவிட்டேன். டேக் எங்கே கிடைக்கும்?

மில்பிடாஸ்_மாமா:
காஸ்ட்கோவில் கிடைக்கும். ஃப்ளெக்ஸ் என்று பார்த்து எடு, வாங்கியதும் உன் பிளேட் நம்பரைப் போட்டுப் பதிவு செய். நானும் ஒன்று வாங்க வேண்டும் போலிருக்கிறது. என் மனைவி இப்போதுதான் சொல்கிறாள், எங்கள் பழைய தபால் டப்பாவில் ஏதோ நாலு கவர் இருக்கிறதாம்.

ஆம்பூர்_அக்கா:
கிழிக்காதீர்கள் மாமா.